மீன் வாங்கும் மலாய்

என் அம்மாவுக்கு எட்டு வருஷம் வயிற்றுவலி இருந்தது. அதை அவருக்கு வாங்கிக் கொடுத்தவள் நான்தான். பினாங்கு டவுனில் ஒரு சீன டாக்டரின் மேசைக்கு முன்னால் நின்று, ஒரு சனிக்கிழமை காலை, என் வாயாலேயே வாங்கிக் கொடுத்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம் வாதாட எனக்கு இப்போது தெம்பில்லை. தெரிய வேண்டியதில் முக்கால்வாசி எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரியாமல் போன கால்வாசியைத்தான் இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே ஒரு சீனரின் சைக்கிள் கடை. அப்பா துறைமுகக் கிடங்கில் கிராணி. வந்து இறங்குகிற மூட்டைகளையும் பெட்டிகளையும் சீட்டோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்து, கல்யாணம் ஆகி டவுனுக்கு வந்தவர். பிள்ளைகள் நான், எனக்கு ஐந்து வயது இளைய தம்பி, அதற்கப்புறம் பாப்பா. பாப்பா பிறந்தபோது நான் வகுப்பில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் இருந்தார். மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அப்பாவுக்கு ஏழு வயதிலேயே தாய் தகப்பன் இருவரும் போய்விட, இந்த அத்தைதான் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு அப்பாவை வளர்த்து ஆளாக்கினார். அதனால் அக்கா கேட்டு அப்பா இல்லை என்று சொன்னது கிடையாது. அக்கா அதுவரை எதையும் கேட்டதும் கிடையாது.

பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மாமாவும் சாப்பிட வந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் அத்தை பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "ஒனக்குத்தான் ரெண்டு இருக்கே தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொன்னவுடன் அழுகையும் வந்துவிட்டது. மாமா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, கீழே போகிற பஸ்ஸைப் பார்த்தார். அப்பாவின் கண் கலங்கிவிட்டது. அம்மா ரசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார். அப்பா அவரைத் திரும்பிப் பார்த்து, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். அம்மாவிடம் கேட்காமல் செய்துவிட்டார்கள் என்று யாரும் பழி போட முடியாது. முறைப்படி கேட்டார்கள். அம்மா எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒங்க இஷ்டம்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அத்தை கெட்டவராக இருந்திருந்தால் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் நல்லவர். எனக்கும் தம்பிக்கும் மாதாமாதம் பிஸ்கட் டின் அனுப்புவார். எனக்கு ஒரு நீலப் புத்தகப் பை வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் நல்ல நாள் பார்த்து நாங்கள் எல்லோரும் ஃபெர்ரி ஏறி அக்கரை போனோம். அத்தை வடை பாயசத்தோடு சமைத்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா பாப்பாவுக்குப் பால் கொடுத்து, புதுச் சேலையில் கட்டியிருந்த தொட்டிலில் போட்டுத் தூங்க வைத்தார். பாப்பா நன்றாகத் தூங்கியதும் நாங்கள் பின்வாசல் வழியாகக் கிளம்பினோம். விழித்துக்கொண்டால் அழும் என்று அத்தைதான் அப்படி யோசனை சொன்னார். இன்னொன்றும் சொன்னார். ஆறு மாதத்துக்கு அம்மா அந்தப் பக்கம் வரவேண்டாம், பிள்ளைக்கு அந்த வாசனை மறக்கவேண்டும். அதைச் சொல்லும்போது அவரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

திரும்பி வரும்போது ஃபெர்ரியில் நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. மழையும் இல்லை, அலையும் இல்லை. தண்ணீர் தெறித்துவிட்டதா அம்மா என்று கேட்டேன். ஆமாம் என்று சேலையை இழுத்து மூடிக்கொண்டார். அப்பா எங்களுக்கு வறுத்த கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தார். தம்பி வழி முழுக்கக் கப்பல்களை எண்ணிக்கொண்டு வந்தான். ஊரில் எல்லோரும் சொன்னார்கள், புக்கிட் மெர்தாஜாம் என்ன சீமையிலா இருக்கிறது, ஃபெர்ரி ஏறி இறங்கினால் ஒரு பஸ்தானே என்று. உண்மைதான். ஒரு பஸ்தான்.

அதற்கடுத்த வாரம் எங்கள் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. அப்பா வேலை முடிந்து வரும்போது அம்மாவுக்குப் பூ வாங்கி வந்தார். அதுவும் நாலு முழம் மல்லிகை. கல்யாண நாளுக்குக்கூட ஒரு முழம் வாங்கி வந்த மனிதர் இல்லை அவர். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வாரம் முழுக்கத் தினமும் வாங்கி வந்தார். சினிமாவில் வருகிற மாதிரி அப்பாவுக்கு அம்மா மேல் பிரியம் பொங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. ஆனால் அம்மா அந்தப் பூவைத் தலையில் வைக்கவில்லை. வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே வரும்போது பூ இருக்காது, வாசனை மட்டும் இருக்கும். ஒரு துண்டு தாம்மா என்று நான் அடம் பிடித்தேன். கொடுக்கவில்லை. மறுநாள் குப்பைத்தொட்டியில் காகிதத்தில் சுற்றிக் கிடந்த, வாடி மஞ்சளாகிப்போன பூவைப் பார்த்தேன். எடுத்து முகர்ந்தால் மல்லிகையோடு புளிச்ச பால் வாசனை. இப்படி வீணாக்குகிறாரே, எனக்கு வைத்துவிட்டால் குறைந்தா போய்விடுவார் என்று அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அத்தைதான் அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். இன்றைக்கும் யாராவது அருமையாக மல்லிகை வாங்கிக் கொடுத்தால் வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டுவிடுவேன்.

பால் வற்றியது. அம்மாதான் சரியாகவில்லை. அழுதார் என்று சொல்லமுடியாது. நான் பார்த்து அவர் அழுததில்லை. மீனை அறுக்க உட்கார்ந்தால் பாதி அறுத்த மீனைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். பூனை வந்து மறு பாதியைத் தூக்கிக்கொண்டு போனாலும் பார்த்துக்கொண்டிருப்பார். சோறு அடிப்பிடிக்கும். கை மரத்துப்போகிறது என்பார், நெஞ்சு அடைக்கிறது என்பார், கால் தரையில் பாவவில்லை என்பார். அக்கம்பக்கத்தில் ஏதாவது பிள்ளை அழுதால் சட்டென்று எழுந்து நிற்பார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி உட்காருவார்.

இதற்கு அவரவர் கைவசம் இருந்த பெயரை வைத்தார்கள். அப்பா, காத்து என்றார். இஞ்சி தட்டிப்போட்டுக் குடிக்கச் சொன்னார். சைக்கிள் கடைக்காரரின் மனைவியும் காற்று என்றுதான் சொல்லி ஒரு பச்சைத் தைலம் கொடுத்தார். கோயிலில் கண்ணேறு என்று கறுப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர், இரத்தம் பத்தவில்லை, ஈரல் வாங்கிச் சாப்பிடு என்றார். அம்மா இஞ்சியைக் குடித்தார், தைலம் தேய்த்தார், கயிறு கட்டிக்கொண்டார், ஈரலும் சாப்பிட்டார். ஒரே ஒரு தடவை அப்பாவிடம் பாப்பாவைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அப்பாவுக்குக் கோபம்கூட வரவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "என்னையும் அக்காதானே வளத்தா. நான் என்ன கெட்டா போயிட்டேன்?" அதற்கு அம்மாவால் என்ன சொல்லமுடியும்? ஆள் முன்னால் நன்றாகத்தானே உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கோ அந்த நாட்களில் ஒரு குறையும் இல்லை. இதை மறைக்க நான் விரும்பவில்லை. முதலில் தம்பி, பிறகு பாப்பா என்று ஆறு வருஷமாக அம்மாவுக்குப் பக்கத்து இடம் எனக்குக் கிடைத்ததே இல்லை. பாப்பா போனபிறகு அந்த இடம் காலியாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டதும், பாயில் படுத்திருக்கும் அம்மாவின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருப்பார், ஆனால் கை மட்டும் தானாக வந்து என் இடுப்பில் தட்டும். தட்டித் தட்டி, நிறுத்தி, மறுபடி தட்டும். என்னைத்தான் தட்டுகிறார் என்று நினைத்து நான் அசையாமல் படுத்திருப்பேன். அந்த மாதிரி சுகத்தை அதற்குப் பிறகு நான் எங்கேயும் அனுபவித்ததில்லை.

இப்படி மூன்று மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை நான் பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து எதிரில் உட்கார்ந்தார். நாளைக்கு அப்பா வேலைக்குப் போனபிறகு கிளினிக்குக்குப் போகவேண்டும், நீ வந்து டாக்டரிடம் பேசவேண்டும் என்றார். நான் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்தேன். எனக்கு மலாயும் வரும், ஓரளவு ஆங்கிலமும் வரும். அம்மாதான் தினமும் பாசாரில் மலாய்க்காரர்களோடும் சீனர்களோடும் வாயடித்துச் சாமான் வாங்குகிறவராயிற்றே, நான் எதற்கு என்று கேட்டேன்.

"எனக்கு மீன் வாங்குற மலாய்தான் தெரியும். இதச் சொல்ற மலாய் தெரியாது."

கிளினிக் யோசனையை அம்மா சும்மா சொல்லவில்லை. அப்பாவின் ஒரு குணத்தைப் பிடித்துத் திட்டம் போட்டிருந்தார். அப்பா சாமி சொன்னாலும் கேட்கமாட்டார், டாக்டர் சொன்னால் கேட்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே டாக்டர், சிகரெட்டை விடு என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அப்பா கிளினிக் வாசலிலேயே பெட்டியை எடுத்துச் சாக்கடையில் போட்டவர், அதற்குப் பிறகு தொடவில்லை. மறுநாள் காலை நடந்து போகும்போது அம்மா எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

"பாப்பாவக் குடுத்ததுல இருந்துதான் இப்படின்னு சொல்லு. சாப்பிட முடியல, படுக்க முடியலன்னு சொல்லு. புள்ளயக் கொண்டுவந்தாதான் சரியாகும்னு டாக்டர் ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கணும். அத அப்பாகிட்ட காட்டிட்டா போதும். புரியுதா?"

புரிகிறது என்று தலையாட்டினேன். புரியத்தான் செய்தது. கிளினிக்கை நெருங்க நெருங்க நான் பின்தங்கி நடந்தேன். ஏனென்றால் டாக்டரின் மகள் என் வகுப்பு. பாப்பா பிறந்தபோது என்னிடம் மிட்டாய் வாங்கித் தின்றவள். போன மாதம் அவள், உங்கள் பாப்பா நடக்கிறதா என்று கேட்டாள். பாப்பா அக்கரையில் அத்தை வீட்டுக்கு விருந்து போயிருக்கிறது என்று சொன்னேன். குழந்தை தனியாகவா விருந்து போகும் என்று அவள் கேட்டாள். கெட்டிக்காரப் பெண். அவளிடமிருந்து ஒருவழியாகத் தப்பித்து வந்திருந்தேன். இப்போது நான் போய் அவள் அப்பாவிடமே, எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்று சொன்னால் திங்கட்கிழமை என் கதி என்ன?

இது ஒரு காரணம். இத்தனை வருஷமும் கேட்டவர்களுக்கெல்லாம் நான் இந்தக் காரணத்தைத்தான் சொல்லிவந்திருக்கிறேன். இன்னொரு காரணம், பாப்பா திரும்பி வந்துவிட்டால் அந்தப் பாயில் எனக்கு இடம் இல்லை.

டாக்டர் கொஞ்சம் வயதானவர், தடித்த கண்ணாடி போட்டிருப்பார். என்னைப் பார்த்து மலாயில், "ஆபா சாக்கிட்?" என்று கேட்டார். என்ன நோவு என்று அர்த்தம். அம்மாவைப் பேசச் சொல்லி, அவர் பேசியதை நான் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டார். மேசையில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அம்மா அவ்வளவு நேரம் ஒரே மூச்சில் பேசி நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

"பால் வத்திருச்சு டாக்டர். அது வத்தியும் எந்த வீட்டுப் புள்ள அழுதாலும் எனக்கு இங்க இழுக்குது. சோறாக்குறேன், துணி தொவைக்கிறேன், எல்லாம் செய்யுறேன். வேற யாரோ செய்யுற மாதிரி இருக்கு. இந்தப் புள்ளங்க ரெண்டும் அம்மான்னு கூப்பிட்டா எனக்குக் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கேக்குது. இதுங்கள எதாச்சும் பண்ணிருவேனோன்னு பயமா இருக்கு. எனக்கு எம்புள்ள வேணும். நான் சரின்னு சொல்லல டாக்டர். ஒங்க இஷ்டம்னுதான் சொன்னேன்."

பேசி முடித்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். டாக்டரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சுவரில் அவர் குடும்பப் படம் மாட்டியிருந்தது. அதில் அவர் மகள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன். "சாக்கிட் பெரூட், டாக்டர்."

சாக்கிட் பெரூட் என்றால் வயிற்றுவலி. டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இவ்வளவு நேரம் பேசினாரே, எல்லாம் வயிற்றுவலிதானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா எப்போதும் அப்படித்தான், வளவளவென்று பேசுவார் என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் தெருவிலேயே குறைவாகப் பேசுகிற பெண்பிள்ளை என் அம்மா. டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு அம்மாவை உயரமான கட்டிலில் படுக்கச் சொல்லி, டாக்டர் வயிற்றை அங்கங்கே அமுக்கிப் பார்த்தார். இங்கே வலிக்கிறதா என்று மலாயில் கேட்டார். அம்மா படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என்னால் அந்தப் பக்கம் பார்க்கமுடியவில்லை. என் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் குரல் கேட்டது.

"சாக்கிட்," என்றார். வலிக்கிறது.

இங்கே? சாக்கிட். இங்கே? சாக்கிட். தொட்ட இடமெல்லாம் வலிக்கிறது என்றார். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு கேஸ்டிரிக் என்று எழுதினார். உறைப்பைக் குறைக்கவேண்டும், நேரத்துக்குச் சாப்பிடவேண்டும். ஒரு பாட்டில் வெள்ளை மருந்தும் ஒரு பொட்டலம் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

வாசலில் இறங்கியதும் அம்மா கேட்டார், "எல்லாத்தையும் சொன்னியா?" சொன்னேன் என்றேன். லெட்டர் என்றார். லெட்டர் வேண்டாமாம், மருந்து குடித்தால் சரியாகிவிடுமாம் என்றேன். "சரி," என்றார் அம்மா. அவர் நம்பிவிட்டார் என்று எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்பா அன்று சாயங்காலம் மருந்துப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நான்தான் காத்துன்னு அப்பவே சொன்னேனே என்று சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. அம்மாவுக்கு ஒரு நோய் கிடைத்துவிட்டது, நோய்க்கு ஒரு பாட்டில் கிடைத்துவிட்டது. அம்மா முகம் ஒரு மாதிரி இருந்தால், மருந்து குடித்தாயா என்று கேட்டோம். மருந்து தீர்ந்தால் மறுபடி வாங்கிவரப் போவார். அடுத்த தடவை என்னை அவர் கூப்பிடவில்லை. நான் வரட்டுமா என்று கேட்டதற்கு, வேணாம், நானே சொல்லிக்கிறேன் என்றார். தானே போனார், தானே சாக்கிட் பெரூட் என்று சொன்னார். எட்டு வருஷம் கழித்து அந்த டாக்டர் கிளினிக்கை மூடியபிறகு முட்டிவலி என்று வேறு இடத்துக்குப் போனார். அதற்குப் பிறகு பிரஷர்.

பாப்பா அக்கரையிலேயே வளர்ந்தாள். நன்றாகத்தான் வளர்ந்தாள், அப்பா சொன்னதில் தப்பில்லை. அம்மாவை மாமி என்று கூப்பிட்டாள். இப்போது செபராங் ஜெயாவில் வீடு வாங்கி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். அம்மாவின் சாவுக்கு வந்து, உறவுக்காரர்களோடு நின்று, எல்லோருக்கும் காப்பி எடுத்துக் கொடுத்தாள். நான் அவளிடம் இதை எதையும் சொன்னதில்லை. சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது? எனக்கும் இப்போது சில நாட்கள் காலையில் எழுந்தால் கையும் காலும் என்னுடையவை மாதிரி இருப்பதில்லை. கிளினிக்கில் ஓர் இளம் தமிழ் டாக்டர் இருக்கிறாள். நம் மொழியிலேயே, அம்மா என்ன செய்யுது, மெதுவாகச் சொல்லுங்கள் என்று அன்பாகக் கேட்பாள். நான் கேஸ்டிரிக் என்று சொல்லிவிட்டு மருந்து வாங்கிக்கொண்டு வருகிறேன்.

அன்று வீடு திரும்பிய வழியில் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு எனக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

கிளினிக்கிலிருந்து வீட்டுக்குப் போகிற முனையில் ஒரு மலாய் அம்மா பீசாங் கோரேங் விற்பார். மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம். மாக்சிக் என்று கூப்பிடுவோம். அம்மா அங்கே நின்றார். எனக்கு வாயூறியது, நன்றாகப் பேசியதற்கு எனக்குக் கூலி என்று நினைத்துக்கொண்டேன். மாக்சிக் அம்மாவின் கையிலிருந்த மருந்துப் பாட்டிலைப் பார்த்துவிட்டு என்ன நோவு அக்கா என்று மலாயில் கேட்டார். அம்மா மலாயிலேயே, என்னமோ, வயதாகிறது என்றார். முப்பது வயதுகூட முழுசாக ஆகவில்லை அவருக்கு. அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். மழை வருமா, இந்த வாரம் கெம்போங் மீனே வரவில்லை, எண்ணெய் விலையைப் பார்த்தாயா என்று. அம்மாவின் மலாய் தடுக்கவே இல்லை. நான் எண்ணெயில் மிதக்கிற பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது எதுவும் மண்டையில் ஏறவில்லை. சாக்கிட் பெரூட் என்பது எந்த மலாய், அது பாசாரில் தினமும் அடிபடுகிற மலாய்தானே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் பிள்ளைகளுக்குக் கட்டட்டுமா, எத்தனை பிள்ளைகள் என்று மாக்சிக் கேட்டார்.

"தீகா," என்றார் அம்மா. மூன்று.

அம்மா தப்பாகச் சொல்லிவிட்டார் என்று நான் பதறிப்போனேன். பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் டாக்டரிடம் மலாய் பேசிவிட்டு வந்த பெரிய மனுஷி அல்லவா நான். "டுவா, மாக்சிக்," என்று திருத்தினேன். இரண்டு.

மாக்சிக் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாக்சிக் காகிதத்தை எடுத்துப் பொட்டலம் கட்டி, என்னிடம் கொடுக்காமல் அம்மாவின் கையில் கொடுத்தார். கொடுத்த கையை உடனே எடுக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். மூன்று இருந்தது. தம்பிக்கு ஒன்று கொடுத்தேன், நான் ஒன்று தின்றேன். மூன்றாவதை அம்மாவிடம் நீட்டினேன்.

"எனக்கு வேணாம். அது அப்படியே இருக்கட்டும்," என்றார்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இந்த மாக்சிக்குக் கணக்கே தெரியவில்லை என்று தம்பியிடம் சொன்னேன், இருவரும் சிரித்தோம். ஆறிப்போனால் நன்றாக இருக்காது. அதையும் எடுத்து நானே தின்றேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே மருந்துப் பாட்டிலைக் குலுக்கி, கரண்டியில் ஊற்றிக் குடித்தார்.